பங்குனி ஆமையும் சோற்றுக் கற்றாழையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்தேன். ஆய்வுக்கூடத்தில் என்னோடு ஒரே மைக்ராஸ்கோப்பைப் பகிர்ந்துகொண்டவள் ஸ்ரீரங்கத்துப் பெண். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்.

ஒரு விலங்கையும் ஒரு செடியையும் ஒப்பிட்டுப் பேசும் போட்டி வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த பங்குனி ஆமை என்ற கடல் ஆமையையும், எங்கள் கொல்லைச் சோற்றுக் கற்றாழையையும் எடுத்துக்கொண்டேன். கடல் நடுவே இருந்தாலும் ஆமைக்கு நல்ல தண்ணீர் கிடையாது; உப்பைக் கண்ணீராக வெளியேற்றிப் பிழைக்கிறது. கற்றாழை பகலெல்லாம் இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காக்கிறது. எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

போட்டியன்று எனக்கு முன்னால் மேடையேறிய அவள், அதை அப்படியே ஒப்பித்தாள். நான் ஆரம்பித்ததுமே சபை சிரித்தது.

"காப்பி அடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்மா," என்றார் எங்கள் மிஸ்.

பரிசு அவளுக்கு. அழக்கூட இல்லை நான். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. வெட்கமேயில்லாமல் என்னிடம் வந்தாள். "அதே ஆமையைப் பத்தி வேற ஏதாவது எழுதி வெச்சிருக்கியாடி?"

"நாளைக்குக் கொண்டு வரேன்," என்றேன்.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் சரியான செய்திகள், ஒன்றைத் தவிர: எதிரி வந்தால் பங்குனி ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வரியைத்தான் மிக அழகாக எழுதினேன்.

அவளும் அதைத்தான் கைகளை விரித்து, குரலேற்றிச் சொன்னாள். நடுவர் ஒரு விலங்கியல் பேராசிரியர்; இடைமறித்துக் கேட்டார். "நீங்க அந்த ஆமையைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் சார்."

"தலையை உள்ளே இழுத்துச்சா?"

அவள் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. நான் எழுந்து நின்றேன். "கடல் ஆமையால அது முடியாது சார். நான் பார்த்திருக்கேன்."

"கரெக்ட்," என்றார் அவர். அவள் பாதிப் பேச்சில் இறங்கிவிட்டாள்.

வாசலில் என் கையைப் பிடித்தாள். "தெரிஞ்சேதானே தப்பா எழுதினே?"

"ஆமா. நீயும் தெரிஞ்சேதானே திருடினே?"

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அழுதுகொண்டே ஏறினாள். முந்தைய போட்டியின் பரிசை யாரும் எனக்கு மாற்றித் தரவில்லை. மிஸ் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அன்று வீட்டில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் அவள் வேறு மேஜைக்கு மாறிப்போனாள். வருஷம் முடியும்வரை அந்த மைக்ராஸ்கோப்பை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டேன்.