எட்டாவது கழுத்தெலும்பு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தங்கை விடாப்பிடியாக நின்று வென்றவை இவை. கல்லூரி விலங்கியல் துறையைப் பெருக்கித் துடைக்கப் போனவளுக்கு, அதே துறையின் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு கட்டும் வேலை. "நாத்தம் தாங்கல, இறங்கும்மா" என்று பாதி வழியில் இறக்கிவிட்ட பேருந்தில், அதே நடத்துநர் பின்னாளில் ஜன்னலோர இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்ன மரியாதை. (அவர் மகனுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது என்பது வேறு விஷயம்.) வீட்டுக்குப் பின்னால் எலும்பு ஊறவைக்க மூடி போட்ட வாளி ஒன்றை வைத்துக்கொள்ள அம்மாவின் சம்மதம், இதற்கு மட்டும் இரண்டு வருடம் பிடித்தது. பேசி வந்த இரண்டு இடங்கள் அவள் வேலையைக் கேட்டதும் எழுந்து போன பிறகு, வருடம் முழுக்க மூக்கடைப்போடு இருக்கும் ஓர் எலக்ட்ரீஷியன். "கடவுளாப் பாத்து அடைச்சு அனுப்பின மூக்கு" என்று அம்மா சொல்வாள். அப்புறம், ஒரு விலா எலும்புகூட முன்பின் மாறாமல் அவள் சுருட்டி நிறுத்திய மலைப்பாம்பு. கடைசியாக, துறைத்தலைவரின் மேசை இழுப்பறையில் கிடந்த அருங்காட்சியகச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது.

இதையெல்லாம் நான் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் பொடிசின் முகம் சுருங்கிவிடும். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "அந்த நீர்நாயையும் சேத்துச் சொல்லு" என்பாள். அதையும் சொல்கிறேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் கடை உண்டு. சக்கரக் கம்பிகளில் நேரானவையாகப் பார்த்து அவள் வாங்கிப் போவாள். முதுகெலும்புத் துண்டுகளைக் கோக்க அதைவிட நல்ல கம்பி கிடையாதாம். அப்படிக் கம்பி கொடுக்கப் போய்த்தான் அந்த அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தேன். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகள். வாசல் பக்கத்தில் தாழ்ந்த உயிர்கள். உள்ளே போகப் போக மீன், தவளை, பல்லி, பறவை, கடைசியில் பால் கொடுக்கும் விலங்குகள்.

முதல் அலமாரியில் ஒரு ஜாடிக்குள் தோல்பை போல ஏதோ மிதந்தது. கையில்லை, காலில்லை, முதுகு எது வயிறு எது என்றும் தெரியவில்லை.

"இது எதுக்கு நம்ம வரிசையில நிக்குது?" என்றேன்.

"குழந்தையா இருக்கிறப்போ இதுக்கு வால் உண்டு. வாலுக்குள்ள முதுகுநாண் உண்டு. நமக்கும் அம்மா வயித்துல இருக்கிறப்போ அதுதான் முதல்ல வருமாம். அதனால சொந்தம். வளந்ததும் இது கடலுக்கடியில ஒரு பாறையில ஒட்டிக்கிட்டு, வாலையும் தின்னு தீத்துட்டு, சொந்தத்தையே மறந்துடும்."

"நம்ம பெரியப்பா மகன் மாதிரி."

"அவன் ஜாடிக்குள்ள அடங்க மாட்டான்" என்றாள்.

உள்ளே போனதும் என் பின்கழுத்தில் விரல் வைத்து அழுத்தினாள். "இங்க எத்தனை எலும்புன்னு நினைக்கிறே? ஏழு. எலிக்கும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொண்ணும் நீளம், அவ்வளவுதான். பால் குடுக்கிற விலங்குல ஒண்ணு ரெண்டு பேருதான் இந்தக் கணக்கை மீறினவங்க." விரலை எடுத்தபின்னும் என் கழுத்து கொஞ்ச நேரம் எனக்கே விலை உயர்ந்ததாகத் தோன்றியது.

இந்த ஏழு கணக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் தற்காலிகப் பணியாளர். மீன் வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்த இரண்டு நீர்நாய்கள் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டும் பெண், ஏறக்குறைய ஒரே அளவு. சதையைக் கழித்த பிறகு எலும்பைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மிச்சமெல்லாம் அழுகிக் கழன்றுவிடும். ஒரு தொட்டிக்கு ஓர் உடல் என்பது அந்த வேலையின் முதல் சட்டம். இருந்த இரண்டு தொட்டிகளில் ஒன்று ஒழுகியது. புதுத் தொட்டி கேட்டால் புது ஆளையும் சேர்த்துக் கேட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். இரண்டையும் தனித்தனி வலைப்பையில் கட்டி ஒரே தொட்டியில் போட்டுவிட்டாள். எடுக்கும்போது இரண்டு பைகளின் தையலும் விட்டிருந்தது. அடியில் சிந்திக் கிடந்தவற்றை நிறத்தையும் பருமனையும் வைத்துக் கண்ணால் பிரித்தாள்.

கழுத்தின் முதல் எலும்பு வளையம் போல இருக்கும்; இரண்டாவதில் ஒரு முளை நிற்கும். அவற்றை மாற்றிக் கோக்கவே முடியாது. நடுவில் வருபவை அண்ணன் தம்பி ஜாடையில் இருக்கும். முதல் கூட்டில் எல்லாம் ஓரளவு பொருந்தின. இரண்டாவதில் ஓரிடத்தில் மட்டும் பொருந்தாமல் இடைவெளி விழுந்தது. சாக்கடையோடு ஒன்று போய்விட்டது என்று நினைத்தாள். மாவுக்கட்டுப் போடும் மாவைக் குழைத்து, பக்கத்து எலும்பைப் பார்த்து ஒன்றைச் செய்து, தேநீர்ச் சாயம் பூசிச் செருகினாள். இல்லாத எலும்புக்கு மாவு வைப்பது அந்த வேலையில் வழக்கம்தான். வைத்ததைச் சொல்லிவிட வேண்டும். அவள் சொல்லவில்லை.

பத்து வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். துறுதுறுவென்று இருப்பாள். நீர்நாய்களின் எலும்புகளை ஊர் ஊராகப் போய் அளந்துகொண்டிருந்தாள். வந்த அன்றே பொடிசை "அக்கா" என்று கூப்பிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து பாதித் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு திங்கட்கிழமை அலமாரிக்கு முன்னால் மண்டி போட்டிருந்தவள் அப்படியே கத்தினாளாம்.

"அக்கா! இங்க வாங்க, எண்ணுங்க. எனக்குத்தான் கண்ணு அவுட்டா?"

எட்டு இருந்தது.

அந்தப் பெண் இரண்டு முறை படம் எடுத்தாள். வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். இந்த ஆற்று நீர்நாய்கள் தனி வகையாகவே இருக்கலாம் என்று அவர் சொன்னாராம். பொடிசின் கண் கீழ்த்தட்டில் நின்ற இரண்டாவது கூட்டுக்குப் போனது. தேநீர்ச் சாயம் பூசிய மாவு எலும்பு அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் என் கடைக்கு வந்தாள்.

"என்ன, சைக்கிள் இல்லாம சைக்கிள் கடைக்கு வந்திருக்கே?"

"கம்பி இழுக்கிற குறடு வேணும். நீயும் வேணும். கழுத்தைக் கழட்டணும்."

"யாரு கழுத்தை?"

"நியாயமாப் பாத்தா என்னுதை. இப்போதைக்கு நீர்நாயோடது."

பழைய டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்ன உடனேயே வாயைத் திறந்திருக்கலாமே" என்றேன்.

"திறந்தேண்ணா. 'வாழ்த்துகள்'னு வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "ஒரு எலும்புதானேம்மா?"

"ஒரு எலும்பா? அது அந்தப் பொண்ணோட மூணு வருஷ உழைப்பு. ராத்திரி பஸ்ல தூங்கி, பகல்ல எலும்பு அளந்திருக்கு. அது குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே எட்டு, எட்டுன்னு அது குதிக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். டீ நல்லா வேற இருந்துச்சு."

திங்கட்கிழமை காலை குறட்டோடு போனேன். துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நின்றார். ஆராய்ச்சிப் பெண் அளவுகோலும் கையுமாக வந்து சிரித்தாள். "என்ன அக்கா, அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? சண்டைக்கா?"

பொடிசு அலமாரிக்கு முன்னால் மண்டி போட்டாள். இரண்டாவது கூட்டின் கழுத்தில் ஓர் இடத்தில் ஊசியால் கீறினாள். வெள்ளைப் பொடி கொட்டியது.

"இது மாவும்மா. நான் செஞ்சது. இதோட எலும்புதான் அதுல இருக்கு."

நான் கம்பியைப் பிடித்து இழுத்தேன். துரு ஏறியிருந்ததால் எளிதில் வரவில்லை. எலும்புகள் ஒவ்வொன்றாகத் துணியில் இறங்கின. முதல் கூட்டின் ஐந்தாவதை எடுத்து இரண்டாவதின் இடைவெளியில் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. அதை எடுத்த இடத்தில், முன்பு ஓரளவு பொருந்தியிருந்த இரண்டும் இப்போது நகம் நுழையாதபடி சேர்ந்துகொண்டன. ஏழு. இந்தப் பக்கமும் ஏழு.

அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ எட்டுன்னு சொன்னப்பவே."

"வெள்ளிக்கிழமைதான் இதழுக்குக் கட்டுரையை அனுப்பினேன்." குரல் உயரவே இல்லை. "நடுவுல நாலு நாள் இருந்துச்சு. தினமும் என்கூட டீ குடிச்சீங்க."

பொடிசு கும்பிடுவது போலக் கையைச் சேர்த்தாள். அதற்கும் தகுதி இல்லை என்று நினைத்தவளைப் போல உடனே பிரித்துக்கொண்டாள். அந்தப் பெண் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கணினியில் தட்டி அனுப்பினாள். பிறகு அளவுகோல், பிளாஸ்க், கேமரா எல்லாவற்றையும் பையில் போட்டாள். அலமாரிச் சாவியை நீட்டி, "இந்தாங்க மேடம்" என்றாள். வேறு திட்டு எதுவும் திட்டவில்லை. என் தங்கை அந்த ஒரு சொல்லுக்குத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி விடும்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் நடக்கிறதுதான். ரெண்டுக்கும் புது அட்டை எழுதி வை. 'திருத்தி அமைக்கப்பட்டது'ன்னு போட்டாப் போதும். யாரு, எப்படின்னு வெளிய இருந்து வர்றவங்களுக்கு எதுக்கு?"

"அந்தப் பொண்ணும் வெளிய இருந்து வந்ததுதானே சார்? அட்டையில மாவுன்னு இருந்திருந்தா அது எட்டை நம்பியே இருக்காது."

அவர் இரண்டு வெற்று அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். பொடிசு ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதியும் அடித்தும் ஒருவழியாக முடித்தாள். இரண்டாவது கூட்டின் அட்டையில், எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோப்பவள் போல எழுதினாள்: 'இவ்விரண்டு உடல்களையும் ஒரே தொட்டியில் ஊறப்போட்டு, கலந்ததைக் கண்ணால் பிரித்தேன். இதன் ஐந்தாவது கழுத்தெலும்பு பத்து வருடம் அடுத்த கூட்டில் இருந்தது. இங்கே மாவு எலும்பு வைத்ததை மறைத்தேன்.'

துறைத்தலைவர் வாங்கிப் படித்தார். "தேன், தேன்னு எழுதியிருக்கே. யாருன்னு வேண்டாமா?"

மலைப்பாம்பின் அட்டையைக் குனிந்து பார்த்தேன். அதில் துறையின் பெயர் மட்டுமே இருந்தது. அந்தக் கூடத்தில் அவள் கட்டி நிறுத்திய எதிலும் அவள் பெயர் இல்லை. பொடிசு பேனாவைப் சேலை ஓரத்தில் துடைத்தாள். இரண்டு அட்டைகளின் அடியிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். 14-3-2011, திங்கட்கிழமை.