ஓய்வுநாளில் வாரிய நெல்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடக் கூடாது, அரிவாளைத் தொடக் கூடாது. ஒருமுறை நான் பாவாடைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தபோது, அப்பா ஊசியை வாங்கிக் காலண்டரில் குத்திவைத்தார். திங்கட்கிழமைதான் எடுத்துக் கொடுத்தார். வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் மற்ற ஒன்பதையும் எங்கள் கிராமத்தில் எல்லோரும் ஓரளவு கடைப்பிடித்தார்கள் என்று நினைக்கிறேன். ஓய்வுநாள் கட்டளை மட்டும் அப்பாவின் சொத்து.

வில்லியனூருக்கு மேற்கே இருந்த எங்கள் சின்னச் சபைக்கு அவர்தான் மூப்பர், போதகருக்கு அடுத்தபடி. ஒரு வருஷம் சித்தப்பாவின் கரும்புக்கு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. சொன்ன நாளில் வெட்டி ஏற்றாவிட்டால் கரும்பு வயலிலேயே காயும். சித்தப்பா வெட்டினார். அடுத்த வாரம் அப்பா சபையில் எழுந்து, தன் தம்பிக்கு மூன்று மாதம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்றார். போதகர் தயங்கினார். "கட்டள கட்டளதான், ஐயா" என்றார் அப்பா. அப்படியே ஆயிற்று.

சித்தப்பா ஒரு வாரமும் வராமல் இருக்கவில்லை. வாசலோரக் கடைசிப் பாயில் உட்காருவார். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பத்தட்டு சுற்றி வரும்போது தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்து வீடுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

மூன்றாவது மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு விடியற்காலை, சித்திக்குப் பிரசவ வலி கண்டு சித்தப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்த ஒரு வாரம்தான் அவர் சபைக்கு வரவில்லை. சித்தப்பாவின் நெல் முழுக்க தார்ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நெல்லை அப்பா சனிக்கிழமையே மூட்டை கட்டிவிட்டார்.

நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது.

"இன்னாங்க, வானத்தப் பாத்தீங்களா? உங்க தம்பி நெல்லு" என்றாள் அம்மா.

"இன்னிக்கி இன்னா கெழம?"

"கெழம பாத்தா மழ வருது? பச்ச ஒடம்புக்காரி வூட்டுக்கு வந்தா மொளச்ச நெல்லத்தான் பொங்கிப் போடணும்."

அப்பா மேற்கே பார்த்தார். முதல் தூறல் அவர் தோளில் விழுந்தது. வேதாகமத்தை என் கையில் திணித்துவிட்டு, சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பலகையை இழுத்து நெல்லைக் குவித்தார். அம்மா தார்ப்பாயோடு பின்னால் ஓடினாள். நான் வேதாகமத்தைப் பாவாடைக்குள் பொத்தியபடி நின்றேன். அப்பா பாவம் செய்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. சித்தப்பாவின் மூன்று மாதம் முடிந்து, அவர் கடைசிப் பாயைவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வாரத்தில் நடந்ததைச் சபையார் எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார்.

"போன ஞாயித்துக்கெழம நான் நெல்லு வாரனேன். தம்பிக்கு இன்னா தண்டனையோ அதான் எனக்கும்."

அவர் முன்வரிசையிலிருந்து நடந்து வந்து வாசலோரக் கடைசிப் பாயில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் இருக்க வேண்டிய நானும் எழுந்துபோய் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். இனி சாகும்வரை அப்பா அங்கேதான் இருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

தட்டு சித்தப்பாவிடம் வந்தது. அவர் எடுக்கவில்லை. தட்டோடு எழுந்து, கடைசிப் பாய்வரை வந்து, அப்பாவின் முன்னால் மண்டியிட்டார். கரும்புச் சோகை அறுத்த தழும்புகள் நிறைந்த கைகள்.

"எடுண்ணா."

"எனக்குத் தகுதியில்லடா."

"தகுதி இருக்கறவனுக்கு இது இன்னாத்துக்குண்ணா? எடு."

அப்பாவின் கை எழுந்தது, பாதியில் நின்றது, பிறகு எடுத்தது. சித்தப்பா அதன் பிறகுதான் தனக்கு எடுத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எங்களோடு இன்னும் யாரோ வந்து நிற்பதுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாக இருந்தது. எழுந்து போகவும் மனம் வரவில்லை.

மதியம் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. குழந்தை தூளியில் தூங்கியது. நான் துணிந்து கேட்டேன்.

"அதான் மன்னிச்சாச்சே. இனிமே ஞாயித்துக்கெழம வேல செய்லாமாப்பா?"

"உம் பொண்ணு கரும்பு வெட்டவே வந்துடுவா போலக்கீதுண்ணா" என்று சித்தப்பா சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். "எனக்குச் செய்யத் தோணலடி" என்றார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர் மண்வெட்டியைக் கழுவி மூலையில் சாத்திவிடுவார். யாரையும் அதட்டவில்லை, யாரையும் கடைசிப் பாய்க்கு அனுப்பவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, விருந்தாளி வரப்போகும் வீட்டைப்போல ஞாயிற்றுக்குத் தயாரானார். தண்டனை இல்லையென்று ஆன பிறகும் இந்த மனுஷர் ஏன் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறார் என்று நான் பல நாள் யோசித்தேன். மேய்ச்சலில் கயிறில்லாமல் விட்ட எங்கள் பசு, பொழுது சாயும்போது யாரும் ஓட்டாமலே வீட்டுக்கு நடந்து வருவதை அப்போது தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.