பிறக்காத தேசத்தின் பார்லிமெண்டு

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. பால்காரர் பசுவை வாசலில் நிறுத்தி என் கண்ணெதிரே கறந்தாலும், முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுவேன். என் மனைவி இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை. அப்படிப்பட்ட நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பார்லிமெண்டில் தபால் மந்திரியாக இருந்தேன் என்று சொன்னால், இன்றைக்கு என் பேரன்களே நம்புவதில்லை.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு காகிதக் கடையின் மாடியில் அது நடந்தது. பதினொரு பேர். தேசம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் பிறந்த மறுநாளே சபை நடத்தத் தெரிய வேண்டாமா என்று, ஞாயிறுதோறும் மாலையில் கூடி ஒத்திகை பார்த்தோம். தீர்மானம், திருத்தம், கேள்வி நேரம், வெளிநடப்பு எல்லாம் உண்டு. வெளிநடப்பு செய்கிறவர்கள் மாடிப்படியில் போய் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். யாரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, பதவியைத்தான் சொல்ல வேண்டும் என்பது சபையின் முதல் விதி. போலீஸுக்குப் பயந்து போட்ட விதிதான். போகப் போக அதுவே பெருமையாகி, தெருவிலும் தொற்றிக்கொண்டது. வர்த்தக மந்திரி ஜவுளிக் கடை வைத்திருந்த சாயபு. குளத்தங்கரையில் என்னைக் கண்டால், "இன்னா தபால் மந்திரி, எங்க போய்க்கினு கீறீங்க?" என்பார். கூட வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பகலில் நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போவது மேலே தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், என் அப்பா. நான் ஒருவன் சம்பாதித்துத்தான் அடுப்பு எரிந்தது.

சபையின் முதல் ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆபீஸ் சூப்பிரண்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தபால் தலையில ராஜா முகத்தை எடுத்துட்டு ஏர்க்கலப்பையைப் போடப் போறீராமே?" என்றார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் பேசிய பேச்சு அது. வார்த்தை மாறவில்லை. கேட்டவர்கள் மாடியில் இருந்த பத்துப் பேர்தான்.

"இன்னொரு தரம் காதுல விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறொருவனாக இருந்தால் அன்றே விலகியிருப்பான். நான் விலகினால், காட்டிக் கொடுத்தவன் நிம்மதியாக மாடியில் உட்கார்ந்திருப்பான். அவனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. சூப்பிரண்டு கூப்பிட்ட விஷயத்தையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? நான் சொல்லப்போகிற ஆளே காட்டிக் கொடுத்தவனாக இருந்துவிட்டால்?

என் சந்தேகம் எதிர்க்கட்சித் தலைவர் மேல் விழுந்தது. சாந்தோமில் கோவில் பள்ளிக்கூடத்து வாத்தியார். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். ஆனால் நாங்கள் பேசும்போதெல்லாம் மடியில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு புழு நெளிகிற மாதிரி கோடு கோடாக எழுதிக்கொண்டிருப்பார். கடற்கரைக் கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, ஸி.ஐ.டி. ஆட்கள் எழுதுவார்களே, அதே கோடுகள்.

"என்ன எழுதறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சுருக்கெழுத்துப் பரீட்சைக்குப் பழகுறேன் சார். உங்க பேச்சுதான் நல்ல வேகம். வெளியில யாருக்கும் குடுக்க இல்ல" என்றார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதன் பிறகு நான் முன்ஜாக்கிரதையாக நடந்துகொண்டேன். காரியதரிசி வேலையும் என்னுடையதே. நடவடிக்கைப் புத்தகத்தை மாடியில் விட்டுவைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசிப் பானையில் ஒளித்தேன். ஒரு வாரம் வந்த வழியில் மறுவாரம் வரமாட்டேன். ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்து, சபையில் நடந்ததை யாரிடம் சொன்னீர்கள், எங்கே சொன்னீர்கள் என்று தூண்டித் துருவினேன்.

ஆண்டு விழா அன்று மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். வர்த்தக மந்திரி எல்லார் மேலும் பன்னீர் தெளித்தார். சுண்டல் வந்தது. லஸ் மூலையிலிருந்து போட்டோக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்கள். படத்தில் முகம் இருந்தால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்குத் தலைவலி என்று சொல்லி, காமிராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு சபை கூடியது. நான் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தேன். நம்மில் ஓர் உளவாளி இருக்கிறார். ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, அதிகச் சீட்டு விழுகிறவரைச் சபையிலிருந்து நீக்க வேண்டும்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உளவாளி யார் என்பதைப் பெரும்பான்மையால் முடிவு செய்யலாம் என்று, விதிமுறைப் பித்துப் பிடித்த எங்களைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? சபாநாயகர் ஒரு வக்கீல். விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எடமிருக்கு. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் எழுந்தார். "ஓட்டுப் போட்டுச் சட்டம் பண்ணலாம் சார். உளவாளியைப் பண்ணலாமா?"

பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டுகள் பித்தளைச் செம்பில் விழுந்தன. காரியதரிசிதான் பிரித்துப் படிக்க வேண்டும். வாராவாரம் புத்தகத்தில் எழுதுவது நான், படித்துக் கையெழுத்துப் போடுவது அவர்கள். அதனால் ஒருவர் எழுத்து ஒருவருக்கு அத்துப்படி. ரகசியம் என்பது பேச்சுக்குத்தான்.

முதல் சீட்டு: தபால் மந்திரி. வர்த்தக மந்திரியின் தடிப் பென்சில் எழுத்து. கேலி செய்கிறார் என்று எண்ணிச் சிரித்தபடி படித்தேன். இரண்டாவது: தபால் மந்திரி. சபாநாயகருடையது. மூன்றாவதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு சீட்டு அப்படி வந்தது. இரண்டு வெறுமையாக இருந்தன. ஒன்றில் 'எதிர்க்கட்சித் தலைவர்' என்று இருந்தது. அது என் எழுத்து. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். கடைசிச் சீட்டு அவருடையது. 'யாராக இருந்தாலும் தபால் மந்திரி நிச்சயமாக இல்லை' என்று எழுதியிருந்தார்.

"புஸ்தகத்தை ஆத்துக்கு எடுத்துண்டு போனேள். போட்டோவுக்கு நிக்கலை. ஒத்தொத்தரையா விசாரிச்சிண்டு அலைஞ்சேள். நாங்க என்னன்னு நினைக்கறது?" என்றார் சபாநாயகர்.

அப்போதுதான் சூப்பிரண்டு கூப்பிட்டதைச் சொன்னேன்.

"இத்தினி நாளு இன்னாத்துக்குச் சொல்லல?" என்றார் வர்த்தக மந்திரி. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. உங்களை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான். என்னை நீக்கிய தீர்மானத்தையும் விதிப்படி நானே புத்தகத்தில் எழுதினேன். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். புத்தகத்தைச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டு அவமானத்தோடு படி இறங்கினேன்.

நாலாம் நாள் சூப்பிரண்டு மறுபடி கூப்பிட்டார்.

"ஏழு ஓட்டாமே? வெளியில தள்ளிட்டாங்களாம். போகட்டும். இனிமே உம்ம உத்தியோகத்துக்குப் பயம் இல்ல" என்றார்.

உத்தியோகம் பிழைத்தது. அன்று சாயங்காலம் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. காட்டிக் கொடுத்தவன் மாடியில் அப்படியே இருந்தான். சில மாதங்களில் சபை தானாகவே கலைந்தது.

எதிர்க்கட்சித் தலைவரை அதன் பிறகும் பல வருஷம் லஸ் மூலையில் பார்ப்பேன். சைக்கிளிலிருந்து இறங்கி நின்று, குழந்தைகளை விசாரித்துவிட்டுத்தான் போவார். நான் அவர் பேரை எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது. நான் உளவாளி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கக்கூடியவன் அந்த உளவாளி ஒருவன்தானே? அவர் எப்படி அவ்வளவு நிச்சயமாக எழுதினார்?

பத்துப் பேரில் எனக்காக ஒரு வரி எழுதியவர் அவர் ஒருவர். அந்த வரியையும் என்னால் சும்மா விட முடியவில்லை. அவர் காலமாகும்வரை நான் மன்னிப்பும் கேட்கவில்லை, அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.