கேட்டுக்குள்ளே வந்தால் ஆயா

அந்தக் கன்னியர் பள்ளியில் டிசம்பர் பிறந்துவிட்டால் மணி ஆயாவுக்குக் கால் தரையில் பாவாது. மணியடிப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். கூட்டுவது, துடைப்பது, வாந்தியெடுத்த பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவது, பெரிய சிஸ்டரின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது எல்லாமும் அவள் வேலைதான். டிசம்பரில் இவற்றோடு கிறிஸ்மஸும் வந்து தலையில் ஏறிக்கொள்ளும். பரணிலிருந்து குடில் பொம்மைகளை இறக்க வேண்டும். காது உடைந்த கழுதைக்குப் பசை தடவ வேண்டும். வானதூதர்களின் இறக்கைகளை வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வருஷம் மூன்று ராஜாக்களில் ஒருவருடைய தாடியை எலி தின்றுவிட்டது. "விடுங்க சிஸ்டர், இவர் இளவரசர்னு வச்சுக்கலாம்" என்று சமாளித்தவள் அவள்தான்.

எல்லாவற்றையும்விட அவள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது வைக்கோல் கூடையை. அந்தப் பள்ளியில் அப்படி ஒரு வழக்கம். சிற்றாலய வாசலில் மரத்தால் செய்த தீவனத் தொட்டி ஒன்று காலியாக இருக்கும். பக்கத்தில் கூடை நிறைய வைக்கோல். ஒரு பிள்ளை தனக்குக் கஷ்டமான நல்ல காரியம் ஒன்றைச் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். பிடிக்காதவளோடு போய்ப் பேசியது, பசியோடு இருந்தும் சாப்பாட்டைப் பங்கு வைத்தது, அடிக்க ஓங்கிய கையை மடக்கிக்கொண்டது, இப்படி. தொட்டி நிறைந்தால், கிறிஸ்மஸ் அன்று அதில் படுக்கவைக்கும் பாலனுக்கு மெத்தை. நிறையாவிட்டால் வெறும் பலகை. சுலபமாகச் செய்ததற்குப் போட்டால் அது திருட்டு என்பது ஒரு விதி. எதற்காகப் போட்டாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது இன்னொன்று. முள்ளும் தூசியும் பொறுக்கி, வைக்கோலை ஒரே அளவாக நறுக்கி வைப்பது ஆயாவின் பொறுப்பு. ஆயாக்கள் போடலாமா கூடாதா என்று யாரும் சொன்னதில்லை. அவளும் போட்டதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் ஆயாவின் மகளும் படித்தாள். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டது ஆயாதான். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு விடுதிச் சமையலறையில் இருந்தவளின் பெண் அங்கே படித்தபோது, பிள்ளைகள் அவளுக்குக் 'கரண்டி' என்று பெயர் வைத்தார்கள். கரண்டி வந்தாள், கரண்டி போனாள், கரண்டிக்குக் கணக்கு வராது. ஏழாம் வகுப்பு நடுவில் அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெளியே வர மறுத்தாள். வெளியே உட்கார்ந்து கெஞ்சிக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்தவள் நம் ஆயா. அந்தப் பெண் அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிள்ளைகள் வாய் அதைவிட மோசம்.

புருஷன் போய்ச் சேர்ந்து, கைப்பிள்ளையோடு நின்ற ஆயாவுக்கு அப்போதைய பெரிய சிஸ்டர் இரக்கப்பட்டு, பிள்ளைக்குப் படிக்கிற வயது வந்ததும் சம்பளமில்லாமல் ஓர் இடம் கொடுத்தார்.

"இவ என் பொண்ணுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம் சிஸ்டர்."

"பொய் சொல்றது பாவம்மா."

"பொய் சொல்லச் சொல்லல சிஸ்டர். சொல்லாம இருக்கத்தான் சொல்றேன்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்தவர் சில வருஷங்களில் வேறு மடத்துக்கு மாற்றலாகிப் போனார். ரகசியமும் அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போயிற்று.

முதல் நாள் காலை, பள்ளிக்குப் பக்கத்துத் திருப்பத்தில், மகளின் தலைப்பின்னலைச் சரிசெய்தபடி ஆயா கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "கேட்டுக்கு வெளியே நான் அம்மா. கேட்டுக்குள்ளே வந்தா ஆயா. எல்லாப் பிள்ளைங்களும் எப்படிக் கூப்பிடுதோ அப்படி."

"விழுந்துட்டா?"

"விழுந்தாலும்."

"ரத்தம் வந்தா?"

"வந்தாலும் ஆயாதான். ஆயாதானே மருந்து போடுவேன்?"

அந்தக் குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு, சரி என்று தலையை ஆட்டியது. இப்படிச் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஆயா அன்று பெருமைப்பட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று அவளுக்கு அன்றைக்கு யார் சொல்வது?

பெற்றோர் கூட்டங்களுக்கு ஆயாவின் தங்கை வந்தாள். நகைக்கடையில் விற்பனைப் பெண். நல்ல புடவைகள் வைத்திருந்தாள். பள்ளிக்கு வரும் அன்று மட்டும் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு, சுண்டு விரலைத் தூக்கித் தேநீர் குடிப்பாள். "அக்கா, உங்க சிஸ்டர் எனக்கு நாற்காலியைத் துடைச்சுப் போடச் சொன்னாங்க, நீ வந்து துடைச்சே பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல" என்று வீட்டில் வந்து உருளுவாள். ஆயாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் அம்மா என்று தங்கை எங்கேயும் சொன்னதில்லை. நீங்கள் யார் என்று யாரும் கேட்டதும் இல்லை. எல்லாரும் அவளைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள்.

சின்ன வகுப்புகளில், டிசம்பர் வந்தால் மகள் காலையில் கேட்டுக்குள் நுழைவாள். "குட்மார்னிங் ஆயா" என்பாள். சொன்ன கையோடு நேரே சிற்றாலய வாசலுக்குப் போய் ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடுவாள். தினமும் அப்படித்தான். மணியடிக்கும் இடத்திலிருந்து ஆயா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பொழுது விடிந்ததும் என் பெண் அப்படி என்ன புண்ணியம் செய்துவிட்டு வருகிறாள் என்று வியப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, எல்லா நல்லதையும் கற்பனை செய்துகொள்வாள். கேட்க மட்டும் மாட்டாள். விதி இருக்கிறதே.

மகள் வளர்ந்தாள். வீட்டில் 'நீ' என்றவள் மெல்ல 'நீங்க' என்று பேச ஆரம்பித்தாள். "பார்த்தியா, கான்வென்ட் மரியாதை" என்று ஆயா தங்கையிடம் பீற்றிக்கொண்டாள். கடைசி வகுப்புக்கு வந்த வருஷம், டிசம்பரில், மகள் குட்மார்னிங் சொல்லிவிட்டு வைக்கோல் கூடையைத் தாண்டி நேரே வகுப்புக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றுகிறது போலும் என்று ஆயா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசுக்குள் என்னவோ சுருக்கென்றது.

அந்த வருஷம்தான் கிறிஸ்மஸ் நாடகத்தில் மாதாவாக நடிக்க மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மாதாவுக்கு நீல முக்காடு கட்டுவது ஒரு சடங்கு மாதிரி. நாடகம் தொடங்கும் முன், விளக்கெல்லாம் எரியும்போதே, அந்தப் பெண்ணின் அம்மா மேடையேறி எல்லாருக்கும் முன்னால் முக்காட்டைக் கட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்து இறங்குவார். ஒவ்வொரு வருஷமும் அந்த முக்காட்டைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள் ஆயா. எத்தனை அம்மாக்கள் அதைக் கட்டி அவள் பார்த்திருக்கிறாள்! இந்த முறை அதற்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். இன்னும் சில மாதத்தில் மகள் பள்ளியை விட்டே போகப் போகிறாள். இனிமேல் தெரிந்தால்தான் என்ன? ஒரே ஒரு தடவை, எல்லாரும் பார்க்க, அந்த மேடையில் நிற்க வேண்டும். அவள் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஆனால் மகளே தானாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"முக்காடு கட்ட யாரைக் கூப்பிடப் போறே?"

"நீங்க சொல்றபடி."

நீங்கதான் வரணும் என்று மகள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவுதானே? ஆயா பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தாள். கடைசியில், மகள் மறுத்துப் பேசட்டும் என்பதற்காகவே சொன்னாள்: "சித்தியே வரட்டும். அவகிட்டதான் நல்ல புடவை இருக்கு."

"சரி" என்றாள் மகள். புத்தகத்தைப் புரட்டினாள்.

நாடகத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. தொட்டியையும் வைக்கோல் கூடையையும் மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தொட்டியில் வைக்கோல் விளிம்புவரை இருந்தது. "மாதாவின் தாயார் மேடைக்கு வரவும்" என்று இப்போதைய பெரிய சிஸ்டர் ஒலிபெருக்கியில் அழைத்ததும் தங்கை குதிகால் செருப்போடு ஏறினாள். திரைக்குப் பக்கத்தில், கழுதையின் காதைப் பிடித்துக்கொண்டு ஆயா நின்றாள். தங்கைக்குக் கை ஓடவில்லை. ஓரக்கண்ணால் அக்காவையே பார்த்துக்கொண்டு, முக்காட்டை ஏனோதானோ என்று முடிந்து, நெற்றியில் உதட்டைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு, தப்பினேன் பிழைத்தேன் என்று இறங்கிப் போனாள்.

பாதி நாடகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. மாதாவின் இரண்டு கையிலும் பாலன் பொம்மை. முக்காடோ தோளில் சரிகிறது. மாதாவின் கணவர் சூசையப்பராக நின்ற பெண் திருதிருவென்று விழித்தாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். ஆயா யோசிக்கவில்லை. மார்பில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் பின்னை உருவி வாயில் கவ்விக்கொண்டு, சீருடையோடு, வெறுங்காலோடு மேடைக்கு ஓடினாள். முக்காட்டை இழுத்துத் தலையில் நிறுத்திக் காதோரம் குத்தினாள். மகளின் முகம் அவள் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. ஒரு முத்தத்துக்கு உண்டான தூரம்தான்.

"தேங்க்ஸ் ஆயா" என்றாள் மகள். ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் பெரிய சிஸ்டர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை செய்றவங்ககிட்டகூட எவ்வளவு மரியாதை பாருங்க. மகளை நல்லா வளர்த்திருக்கீங்க."

"நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர்" என்று தங்கை அழுகிற குரலில் சொன்னாள். என்ன அடக்கம் என்று சிஸ்டர் அதற்கும் மெச்சினார்.

கூட்டம் கேக் சாப்பிட முற்றத்துக்குப் போய்விட்டது. ஆயா மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மகள் முக்காட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான்காக மடித்து, மேலே பின்னை வைத்துக் கொடுத்தாள். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? கேக்கக் கூடாதுதான்." விதி தெரிந்துதான் கேட்டாள். "சின்னப் பிள்ளையில தினமும் காலையில வந்ததும் ஒரு வைக்கோல் போடுவியே, அது எதுக்கு?"

மகள் தொட்டியைப் பார்த்தாள். "உங்களை ஆயான்னு கூப்பிட்டதுக்கு."

பின்னை மார்பில் குத்தப்போன ஆயா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்ல உங்களைப் பார்த்ததும் மத்தது வாய் வரைக்கும் வந்துடும். முழுங்கிட்டு, குட்மார்னிங் ஆயான்னு சொல்லுவேன். தொண்டையெல்லாம் வலிக்கும். கஷ்டப்பட்டதுக்குத்தானே போடணும்? அதான் நேரா போய்ப் போட்டுடுவேன்."

ஆயாவுக்கு அழுகையும் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இவ்வளவு ஆசையைப் பிள்ளை அடக்கி வைத்திருக்கிறாளே! அப்படியென்றால் கெட்டுப்போனது எதுவும் இல்லை, வாயைத் திறந்து சொன்னால் சரியாகிவிடும். "அப்ப இந்த வருஷம் ஏன்டா போடல?"

"இப்பல்லாம் கஷ்டமா இல்லையே" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தேர்வில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள். "பழகிடுச்சு. சுலபமா செஞ்சதுக்குப் போட்டா திருட்டுதானே?"

முற்றத்திலிருந்து பிள்ளைகள் பாடும் சத்தம் வந்தது. ஆயா மடித்த முக்காட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இங்க யாரும் இல்ல கண்ணு. ஒரே ஒரு தடவை கூப்பிடேன்."

மகள் வாயைத் திறந்தாள். திடீரென்று பாடச் சொன்னால் கூச்சப்படுகிறவர்களைப் போல அவள் முகம் சிவந்தது. கதவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது, சத்தம் வரவில்லை.

"வீட்டுக்குப் போய்க் கூப்பிடறேனே" என்றாள் மெதுவாக.

வீட்டில் கடைசியாக எப்போது கூப்பிட்டாள்? ஆயா யோசித்துப் பார்த்தாள். இங்க பாருங்க என்பாள். சாப்பிட வாங்க என்பாள். அந்தச் சொல் எப்போது நின்றது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கேட்டிலிருந்து தங்கை கூப்பிடும் குரல் கேட்டது.

"போ. சித்தி நிக்கிறா பாரு."

"சரிங்க ஆயா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள். என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஆயா மேடைப் படியில் உட்கார்ந்து, நீல முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கரண்டி என்று யாரும் தன் பெண்ணைக் கூப்பிடவில்லை, கேட்டது கிடைத்துவிட்டது, இனி யாரைக் குறை சொல்ல? அழுது முடித்ததும் எழுந்து மேடையை மிச்சமில்லாமல் கூட்டினாள். பாலன் பொம்மையின் மேல் விழுந்திருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

தொலைந்த இறக்கையைத் தேடிக்கொண்டு வந்த சிஸ்டர் ஒருவர் வாசலிலிருந்து அதைப் பார்த்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே அங்கே விதி.