வண்டிக்கும் நரைக்கும்

மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் டப்பாவைத் திறந்தால் முதலில் வருவது புதுக்கதவு வாசனை. தச்சர் பூசிவிட்டுப் போன பிறகு வீட்டுக்குள் இரண்டு நாள் நிற்குமே, அது. கொஞ்சம் புல், கொஞ்சம் மீன், கொஞ்சம் பெயின்ட். மூடியைத் திருகியதும் மூக்கில் ஏறும். புதுக்கோட்டையில் என் வீட்டு வாசலில் நிற்பவன் அடுத்த நொடி மீமிசலில், அக்கா வீட்டு வாசலில் நிற்பேன். எதிரே வெள்ளைக் கார். அதன் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, பம்பரைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பார் அக்கா.

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு. "நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் மாமா" என்று அக்கா மகள் கேட்டுக்கொண்டாள். பிறந்த ஊர், தொழில், திருமணம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசை நிற்கவில்லை. அந்தக் கார் வந்து குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

அக்கா பிறந்தது புதுக்கோட்டைக்குத் தெற்கே, கண்மாய்ப் பாசனத்து ஊரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாக. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ஏன் விட்டாய் என்று நான் கேட்டதில்லை. நான் மேலே படித்தேன் என்பதே பதில். தையல் கற்று, மீமிசலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தான் சவூதியில் ஏ.சி. மெக்கானிக். அக்கா முன்னறையில் ஒரு மிஷின் போட்டார். அது மூன்று மிஷினானது; கூடத் தைக்க இரண்டு சகோதரிகள் சேர்ந்தார்கள், முன்னறை கடையானது. அக்கா தைத்த ரவிக்கையில் தோள் இறங்காது என்று கோட்டைப்பட்டினத்திலிருந்தும் பெண்கள் வருவார்கள்.

அத்தான் ஊர் திரும்பி வாங்கியதுதான் அந்தக் கார். பம்பர், கதவின் கீழ்ப்பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக். வந்த புதிதில் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை மாதிரி இருக்கும். அத்தான் மாரடைப்பில் திடீரென்று போனார். கார் வாசலிலேயே நின்றது. வெயில் ஒரு பக்கம், கடலின் உப்புக் காற்று மறுபக்கம். கறுப்பு சாம்பலானது. சாம்பல் வெளுத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அக்காவைப் பார்த்துவிட்டுக் காரையும் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா உச்சுக்கொட்டவில்லை. நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகினார். "பயமா இல்லையாக்கா?" என்றேன். "காலுக்கு ஒரு பெடலு, கைக்கு ஒரு சக்கரம். இத்தன வருசமா நான் வேற என்னடா பண்ணிக்கிட்டிருக்கேன்?" என்றார். உண்மைதான். அக்கா சாலையில் போவது தையல் ஓடுவது போலவே இருக்கும்: நேராக, நிதானமாக, திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி. துணி எடுக்கப் புதுக்கோட்டைக்கு, தைத்ததைக் கொடுக்கக் கோட்டைப்பட்டினத்துக்கு, பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு முடியாதபோது ஆஸ்பத்திரிக்கு. யாரையும் கேட்காமல் சாவியை எடுத்தார், போனார், வந்தார்.

காருக்குப் பதினைந்து வயது நிறைந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதுதான் அத்தானின் தம்பி பேச்சை எடுத்தார்.

"மதினி, காயலாங்கடைக்குப் போற வண்டிங்க இது. நீங்க இதுல போறதப் பாத்தா எங்களுக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. ஆள் பாத்து வச்சிருக்கேன், குடுத்துருவோம்."

நானும் தலையாட்டினேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

"குடுத்துட்டு நான் எதுல போறது?"

"ஒரு போன் அடிங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அதுதான் வேணாம்ங்கிறேன்" என்றார் அக்கா. "நான் கடைக்குப் போகணும்னா நீங்க சட்டையப் போட்டுட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கணும். ஆபீஸ்ல காட்டுறேன். அவங்க ஆகாதுன்னு சொன்னா, சாவிய நானே ஒங்க கையில குடுத்துர்றேன்."

பிரேக்கையும் விளக்கையும் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். வெளுத்த பிளாஸ்டிக்கை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார். அக்கா கேட்கவில்லை. "பரிச்சைக்குப் போற புள்ளைய தல சீவாமலா அனுப்புவாங்க?"

அந்த வாரம் எனக்குப் போன் வந்தது. "தம்பி, சனிக்கிழமை வரும்போது நரைக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வா. இங்கிட்டு நல்லதாக் கிடைக்கல."

நான் வாங்கினேன். கறுப்புத் தலைச்சாயம், ஐந்து பாக்கெட். கடைக்காரர் கொடுத்த கவரில் வைக்காமல் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன்: 'அத்தானும் இல்ல, இந்த வயசுல எதுக்குக்கா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.' எப்படித் தொடங்கி எந்தக் குரலில் முடிப்பது என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

அக்கா வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்னடா இது?"

"நீதானக்கா கேட்ட, நரைக்குன்னு."

அக்கா பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிக் காரைப் பார்த்தார். "எனக்கு நரைச்சா நரைச்சிட்டுப் போகுது. வண்டிக்குடா."

பக்கத்து வீட்டு ராத்தா சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி காருக்கு டை அடிச்சுவிட வந்திருக்காக. அப்படியே ஒரு மீசையும் வரஞ்சு விடச் சொல்லு தங்கச்சி."

தயார் செய்த வாக்கியம் தொண்டையிலேயே இருந்தது. நல்லவேளை என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குள் அக்கா இரண்டு வைத்தியம் பார்த்துத் தோற்றிருந்தார். தேங்காய் எண்ணெய் தடவினால் அரை நாள் கறுப்பு, பிறகு தெருப் புழுதி மொத்தமும் அதில் வந்து குடியேறியது. ஒரு தூறலில் வழிந்துபோனது. அடுத்து ஷூ பாலிஷ். அது கண்ணாடியாய் மின்னியது. அத்தானின் தம்பி அதில் சாய்ந்து நின்று, வண்டியை ஏன் விற்க வேண்டும் என்று நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்போதுதான் வேட்டியின் பின்பக்கம் பம்பர் அச்சாகியிருந்தது தெரிந்தது. "கூப்பிட்டுச் சொல்லுவோமா?" என்றாராம் ராத்தா. "வேணாம். வண்டிய விக்கணும்னாருல்ல, ஒரு பாதிய எடுத்துட்டுப் போகட்டும்" என்றாராம் அக்கா.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது அக்காவின் கண். கடைக்குப் புதுக்கதவு போட்டபோது தச்சர் பூசிய லின்சீட் ஆயில் மிச்சம் இருந்தது. மழைத்தண்ணீர் அந்தக் கதவில் ஒட்டாமல் முத்து முத்தாய் இறங்குவதை அக்கா பார்த்திருக்கிறார். கதவு குடிக்கிறதே, இது குடிக்காதா? எடுத்தவுடன் முகப்பில் பூசிவிடவில்லை. புதுத்துணி சாயம் போகுமா என்று உள்மடிப்பில் நனைத்துப் பார்க்கும் கை அது. பம்பருக்கு அடியில், யார் கண்ணும் படாத இடத்தில் ஒரு விரல் அகலம் பூசி, மூன்று நாள் பொறுத்தார். தொட்டால் கையில் ஒட்டவில்லை. தண்ணீர் ஊற்றினால் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு இடுக்கு இடுக்காய் அழுக்கெடுத்தோம். நன்றாகக் காயவிட்டு, நிழலுக்குத் தள்ளி, வெள்ளைப் பெயின்ட்டின் ஓரத்தில் டேப் ஒட்டினோம். லைனிங் துணியில் எண்ணெயைத் தொட்டு மெல்லியதாய் ஒரு பூச்சு. நான் பின்பக்கத்து மூலையில் தாராளமாய்ப் பூசினேன். அக்கா எழுந்து வந்து பார்த்தார்.

"தலைக்கா தேக்கிற? ஊறுனது ஊறட்டும். ஊறாததத் தொடச்சு எடுத்துரு. விட்டா பிசுபிசுன்னு நிக்கும்."

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டேன். அதற்கும் ஒரு அதட்டல். சுருட்டிப் போட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். அக்கா ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசிக் கொடியில் தனித்தனியாய் விரித்தார். மறுநாள் இரண்டாவது பூச்சு. மூன்றாம் நாள் கார் கறுத்தது. மினுக்கம் இல்லாத கறுப்பு. உடம்பு தேறி எழுந்தவர் முகத்தில் வருமே, அந்த நிறம்.

ஆபீசுக்குப் போகிற நாள் காலையில் புதுக்கோட்டையில் என் வீட்டு முன்னால் கார் நின்றது. இறங்கிய அக்காவைச் சுற்றி வந்து பார்த்தேன். தலை கறுகறுவென்று இருந்தது.

"என்னடா பாக்குற? வாங்கிட்டு வந்தத வீணாக்கவா? வண்டி கறுப்பா, நான் மட்டும் நரையாப் போய் நின்னா, வண்டி யாருதுன்னு கேப்பாங்க."

ஆபீசுக்கு அத்தானின் தம்பியும் வந்திருந்தார், சாவியை வாங்கிக்கொண்டு போக. அதிகாரி விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். பம்பரில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"எங்க பெயின்ட் அடிச்சீங்கம்மா?"

"பெயின்ட் இல்லைங்க சார், எண்ணெய்ங்க. வீட்டு வாசல்லயே போட்டேன்."

அவர் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியென்று எழுதினார். அத்தானின் தம்பி வெறுங்கையோடு பஸ் ஏறினார். மறுவாரம் தன் பைக்கின் வெளுத்த மட்கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தாராம்: "மதினி, இதுக்கும் ஒரு கை பாத்து விடுங்க."

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டிக்கு எண்ணெய். தலைக்கும் அதே நாளில் சாயம். நாலு பேர் பேசினார்களா என்று தெரியாது. பேசியிருந்தால் அவர்களில் மூன்று பேராவது அந்தக் காரில் ஏறிப் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

இதய வால்வில் கோளாறு என்று தெரிந்தபோதும் அக்கா தானே ஓட்டிக்கொண்டுதான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கார் இன்னும் இங்கேதான் நிற்கிறது.

அந்த நாட்களில் உடன் நின்றவர்களை நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைச் சாப்பிட வைத்த ராத்தாவை; இரத்தம் கொடுத்த, கடைசியில் தோளும் கொடுத்த அத்தானின் தம்பியை; அக்கா வெட்டி வைத்துவிட்டுப் போன ரவிக்கைகளை ஒன்று விடாமல் தைத்து, அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த, கடையின் இரண்டு சகோதரிகளை. உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலர் அக்காவுக்கு ஏதோ ஒரு வகையில் கை கொடுத்தவர்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா வகிட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. வண்டிக்கும் பூச்சுப் போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தது.

"தம்பி, நரை எட்டிப் பாக்குது. வரும்போது வாங்கிட்டு வா."

இந்தமுறை நான் தப்பாக வாங்கிவிடக் கூடாது. கூடவே நடந்தபடி கேட்டேன், "எதுக்குக்கா, வண்டிக்கா ஒனக்கா?"

கதவு திறந்தது. அக்கா தலையை மட்டும் திருப்பினார்.

"ரெண்டுக்குந்தான்டா."