எதிரே வந்த மதினி

எங்கள் மதினி மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி அண்ணன் மக்கள்தாம் எழுதியிருக்க வேண்டும். "அத்தை, கூடவே இருந்தவுக நீங்கதான், நீங்களே எழுதுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. உள்ளதை எழுதுகிறேன்.

மதினி வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சாத்தூரில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் அண்ணன் போய்விட்டார். மதினியின் கையில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

அண்ணன் இருந்தபோது இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்தார். "சாவைப் பத்திப் பேசுறதுக்குன்னே கிளம்பி வந்தீகளா?" என்று அண்ணன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அதே அதிகாரி துக்கம் கேட்க வந்தபோது மதினி கேட்ட கேள்வியில் நாங்கள் எல்லோரும் திகைத்துப்போனோம்.

"சார், இந்த ஏஜண்ட் வேலையைப் பொம்பளைக பாக்கலாமா?"

பார்க்கலாம் என்றார் அவர். விண்ணப்பம் போட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும். முதல் ஆண்டுக்குள் குறித்த அளவு பாலிசி சேர்க்காவிட்டால் ஏஜென்சி போய்விடும் என்றும் சொன்னார். "ஊரு சிரிக்கும்" என்றார் அப்பா. மதினி அப்பா முன்னாலேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

லைசென்ஸ் வந்தது, பாலிசிதான் வரவில்லை. தாலி இழந்தவர் காலையில் எதிரே வந்தாலே முகம் சுளிக்கும் ஊர். அவரே வாசலில் நின்று "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா" என்று ஆரம்பித்தால் விடுவார்களா? உறவினர்கள் சிலர் வீட்டிலும் அன்று கதவு சாத்தப்பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைத்தானே எழுதுகிறேன்.

ஆண்டு முடியும் தறுவாயில், சிவகாசியில் அண்ணனோடு வேலை பார்த்த போர்மேன் ஒருவர் வீட்டுக்கு மதினியும் நானும் போனோம். அவர் வேலைக்குக் கிளம்பிச் சைக்கிளை நகர்த்தவும் நாங்கள் எதிரே போய்ச் சேரவும் சரியாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, வெடிமருந்து கலக்கப் போற மனுசன் முன்னாலே இப்படி வந்து நிக்கலாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நறுக்கென்று கேட்டிருப்பேன். மதினி என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"அண்ணாச்சி, அவுக அன்னிக்கு வேலைக்குக் கிளம்பையிலே எதுக்க வந்தது நாந்தான். தலை நிறையப் பூ, இடுப்பிலே நெறகுடம். நல்ல சகுனம்னு சிரிச்சுக்கிட்டே போனாக."

அண்ணாச்சி சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "உள்ள வாங்க தாயி" என்றார்.

ஆபத்தான தொழில் என்று அலுவலகத்தில் பிரீமியம் கூட்டிக் கேட்டார்கள். அதற்கும் சம்மதித்து அண்ணாச்சி பாலிசி எடுத்தார். அவரைப் பார்த்து அவருடைய ஆட்களும் சேர்ந்தார்கள். மதினியின் லைசென்ஸ் தப்பியது. அந்த வருமானத்தில்தான் அண்ணன் மக்கள் படித்தார்கள், எனக்கும் கல்யாணம் நடந்தது. பாலிசி எடுத்தவர் வீட்டில் சாவு விழுந்தால், பணம் வந்து சேரும்வரை மதினி ஓயமாட்டார். அலுவலகத்தில் அவர் தலையைக் கண்டதுமே பைலைத் தேட ஆரம்பிப்பார்களாம்.

கடைசி நாட்களில் மதினியைப் பெற்ற தாயாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துணை நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்குக்கு வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போர்மேன் அண்ணாச்சிக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பாலிசி முதிர்ந்து வந்த பணத்தில் அவர் தம் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பெண் மண்டபத்துக்குப் புறப்படும் நேரம், மதினி வழக்கம்போல் பின்கட்டில் ஒதுங்கிக்கொண்டார். அண்ணாச்சி தேடிப் போய் அழைத்து வந்தார்.

"எம் மக கிளம்புறா. எதுக்க வாங்க தாயி."

அத்தனை பேரும் பார்த்திருக்க, மதினி தெருவில் இறங்கிக் கல்யாணப் பெண்ணுக்கு எதிரே நடந்து வந்தார்.