டெய்லரம்மா ஆடிய ஞாயிறு

டெய்லரம்மாவைக் கவிழ்த்தது அவருடைய சொந்தத் தையல்தான். மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் பெட்டிக்கு உறை தைத்து விற்பது அவர் வழக்கம். வெளிநாடு போகிற வாடிக்கையாளர் யாரும் அதை வாங்காமல் தப்பியதில்லை. விமான நிலையத்தில் பெல்ட்டில் வந்த பெட்டியில் நீலப் பூவும் தன் ஓரத்தையலும் தெரிந்ததும், பெயர்ச்சீட்டைக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டில் திறந்தால், உள்ளே எவரோ ஒரு பெரியவரின் பேண்ட்டுகளும் மூட்டுவலித் தைலமும்!

வழியில் பட்ட பாடு தனிக்கதை. முதல் விமானம் ஆறு மணி நேரம் தாமதம். அதனால் அடுத்ததையும் தவறவிட்டு, நாற்காலியிலேயே ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெயர்ச்சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் பெரியவருக்குப் போன் போட்டார்கள். அவர் டெய்லரம்மாவின் பெட்டியோடு வேறு ஊருக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் திரும்புவாராம். மகளின் பதிவுத் திருமணமோ திங்கட்கிழமை காலை. அன்று ஞாயிறு. பெட்டியில் இருந்தது, இரண்டு மாதம் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்த கல்யாண உடை.

போனால் போகிறது என்று விட முடியவில்லை. மகள் கணக்கு டீச்சர். பஸ் ஓட்டுகிற ஒருவரைத் தானே பார்த்துத் தீர்மானித்துவிட்டு, பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள். எட்டு மாதமாக அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊரார் கழுத்தளவையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிற மனுஷிக்கு இந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. உடையைக் கையில் கொடுத்தால் மகள் புரிந்துகொள்வாள் என்றிருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

"உடுப்பு கிடக்கட்டும்மா," என்றாள் மகள். "நாளைக்கு மனசார வருவியா, இல்ல கடமைக்கு வருவியா? அதை மட்டும் சொல்லு."

அவர் தைல பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மகள் பெருமூச்சு விட்டாள். "சரி, கிளம்பு. எங்க டான்ஸுக்குப் போவோம். இங்கேயே உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிரும்."

"நான் ஆடறதா? நல்லா இருக்கே கதை!"

ஞாயிறு பிற்பகல்களில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். முப்பது பேர், இரண்டு வட்டம். உள்வட்டம் நின்ற இடத்தில் ஆடும். வெளிவட்டம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆள் தள்ளி நகரும். பிடிக்கிறதோ இல்லையோ, எதிரே வருகிறவர் கையைப் பிடித்தே தீர வேண்டும். மகளின் தொளதொள பேண்ட்டில் உள்வட்டத்தில் நிறுத்தப்பட்ட டெய்லரம்மா, முதல் பாட்டில் ஒரு தபால்காரரின் காலை மிதித்தார். இரண்டாவதில் ஒரு பல் டாக்டரின் காலை. மூன்றாவதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் மெஷின் மிதித்த கால் தாளத்தை விடுமா? பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் அலைச்சலெல்லாம் வியர்வையாக இறங்கியது.

அப்போதுதான் பார்த்தார்: மூன்று ஆள் தள்ளி, மகள் போட்டோவில் காட்டிய அந்த பஸ் டிரைவர். பாட்டுக்குப் பாட்டு நெருங்கிக்கொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்று டெய்லரம்மா வாசலைப் பார்த்தார், ஆனால் போகவில்லை.

டிரைவர் எதிரே வந்ததும் கையை நீட்டாமல் நின்றார். "வேணாம்னா சொல்லுங்க, இந்தப் பாட்டு முடியற வரைக்கும் ஓரமா நின்னுக்கறேன்."

எட்டு மாதமாக இந்த மனிதர் இப்படி ஓரமாகத்தான் நின்றிருக்கிறார் என்று தோன்றியதும் டெய்லரம்மாவுக்கு மனசு கரைந்துபோயிற்று. தானே கையைப் பிடித்தார். இன்னொரு கையை அவர் தோளில் வைத்தார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த மகள் தாளம் தப்பி நின்றாள்.

"நாளைக்கு என்ன சட்டை?"

"இதே மாதிரி வெள்ளைல ஒண்ணு, கடைல எடுத்தேங்க."

"இதே அளவா? தோள் ரெண்டு விரல் தொங்குது. இப்படி வந்து என் பொண்ணு பக்கத்துல நின்னா, டெய்லர் வீட்டு மாப்பிள்ளைன்னு யாராவது நம்புவாங்களா? ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துட்டு வாங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

பாட்டு மாறியது. டிரைவர் அடுத்த ஆளிடம் நகர வேண்டும், நகரவில்லை. மகள் வட்டத்தை உடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.